பங்களாவுக்கு விருந்தாளி, லயத்துக்கு உறுதி எங்கே?

ஊவா மலைகளுக்குப் புதிய துரைமார் வந்துகொண்டிருக்கின்றனர். இவர்கள் குதிரையேறி வருபவரல்லர்; பிரட்டுக் களத்தில் நின்று அதட்டுபவருமல்லர். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் எல்லவிலும் வாடகைக்கு விடப்படும் பழைய தோட்டத்துப் பங்களாக்களில் நான்கு நாள் தங்கி, பனி விலகும் அழகைக் கண்டு மகிழ்ந்து, ஊர் திரும்பும் விருந்தாளிகள். ஐரோப்பாவில் விடுமுறை தொடங்கும் ஆடி ஆவணி மாதங்களிலேதான் ஊவாவின் காற்றுக் காலமும் வருகிறது. உலகம் புகழும் ஊவாத் தேயிலையின் மணம் கொழுந்தில் ஏறுவது அப்போதுதான். ஆகவே, மேலே பங்களாவில் ஒருவர் ஓய்ந்திருக்கும் அதே நாட்களில், கீழே மலையில் மற்றொருவருக்கு நிமிரவும் நேரமிராது.

விருந்தாளிமீது நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு நிலத்தைப் பற்றியது.

வெயிலும் காற்றும் தேடிப் பிறர் நாட்டில் மாளிகை அமைக்கும் வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவரும் ஒரு வழக்கறிஞரே. பிரித்தானியாவின் பிரபுக்கள் சபைத் தலைவராகவும் நீதித்துறைத் தலைவராகவும் இருந்த புரூஹாம் பிரபு, 1834இல் இத்தாலிக்குப் போகும் வழியில் வாந்திபேதித் தடையால் மறிக்கப்பட்டு, கான் என்னும் சிறு மீனவர் ஊரில் தங்கினார். இடம் பிடித்துப்போகவே அங்கே மாளிகை ஒன்றைக் கட்டினார். அவரைப் பின்பற்றிப் பிரபுக்கள் பலர் வந்தனர். மத்தியதரைக் கடலோரம் செல்வரின் குளிர்கால வாசத்தலமாயிற்று. அடிமை ஒழிப்புக்கு உழைத்த இதே புரூஹாம், 1838இல் இந்தியக் கூலிகளைக் கடல் கடத்தும் ஏற்பாட்டைக் கண்டித்துப் பிரபுக்கள் சபையில் பேசினார் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளல் நன்று. அவர் பேச்சு எடுபடவில்லை, கப்பல்கள் ஓடின.

அந்தக் கடற்கரை செல்வரின் தனியுடைமையாகவே இருந்துவிடவில்லை. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. ரயில் கட்டணத்திலும் நூற்றுக்கு நாற்பது வீதம் குறைத்தது. ஆலைத் தொழிலாளி மனைவி மக்களோடு கடலைக் காணப் புறப்பட்டான். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1958இல் தோட்டங்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை வகுத்தபோது, சம்பள விடுமுறையையும் குடியிருப்பையும் அதே ஏட்டில் எழுதி வைத்தது. அதை ஏற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆனால் நம் தோட்டத்தில் ஓய்வு என்பது யாது? மாரியம்மன் திருவிழா, கதிர்காம யாத்திரை, தீபாவளி. அந்தத் தீபாவளிக்கும் ‘முற்பணம்’ என்ற பெயரில் கடன். அடுத்த மாதங்களில் அது சம்பளத்திலிருந்து கழியும். 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே எத்தனை போராட்டம் என்பதை நாடறியும். 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாயிற்று. ஓரிரவு வாடகை, ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை விஞ்சும் பங்களாக்கள் இம்மலைகளில் உண்டு.

இப்பங்களாக்கள் எழுந்த காலத்தையும் சற்று நோக்குவோம். தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதென்னையில் ஆலை எழுப்பினார். அவர் அமர்ந்து தோட்டத்தைப் பார்த்த குன்று இன்று சுற்றுலாத் தலம். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே சூட்டி, 1931இல் அப்புத்தளையில் அடிசம் மாளிகையைக் கட்டினார். பின்னாளில் அது துறவியர் மடமாயிற்று. பிறந்த ஊரை நினைத்துக் கல்மாளிகை கட்ட ஒருவரால் முடிந்தது. பிறந்த ஊரை விட்டு வந்த மற்றவர்க்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா.

சட்டம் என்ன சொல்கிறது? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் முகாமை தனியார் கம்பெனிகளிடம் போயிற்று, காணியோ போகவில்லை. கம்பெனிகள் பெற்றது 2045 வரையிலான ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகை. பங்களாவும் லயமும் மலையும் அரசுக்கே சொந்தம். ஆகவே, பங்களா விடுதியாகும்போது அங்கே கைமாறுவது பொதுச் சொத்தின் அனுபோகம் என்பதை மறத்தலாகாது. 2005இல் பொகவந்தலாவைப் பக்கம் டில்மா நிறுவனம் காட்டிய வழி இலாபகரமானதென்று கண்டபின், மற்ற மலைகளிலும் இம்முயற்சி பரவிற்று. தேயிலைக்கென்று கொடுத்த குத்தகையைச் சுற்றுலாவுக்கு வளைக்கச் சட்டத்தில் இடம் காண்கிறார்கள். அதே குத்தகை, லயத்தில் வாழ்பவர்க்கு ஏழு பேர்ச் காணியைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்று கேட்கும்போது மட்டும் இரும்புச் சுவராகி நிற்கிறது!

இதைப் படிக்கும் கமக்காரர் காணியின் அருமை அறிந்தவர். பிறர் காணியைப் பத்தாண்டு இடையூறின்றித் தமதென ஆண்டவர்க்கு, 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி அது உரிமையாகலாம் என்பதையும் அறிந்தவர். நான்கு ஐந்து தலைமுறையாய் ஒரே காம்பிராவில் பிறந்து, மணந்து, இறந்தவர்க்கு அச்சட்டம் ஏன் உதவவில்லையெனின், காரணம் இரண்டு. அரசுக்கெதிராக அந்த ஆட்சி செல்லாது என்பது ஒன்று. தொழிலாளி தன் வேலையைப் பற்றிய அனுமதியால் இருப்பவனேயன்றித் தனக்கென ஆள்பவனல்லன் என்பது மற்றொன்று. வேலையும் வீடும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டுள்ளன. வேலை அறுந்தால் வீடும் அறுந்துவிடுமோ என்ற அச்சத்தோடேயே அவன் வாழ்கிறான். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைக் கணக்கிட்டுப் பங்கு போட்டது. நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003இல் குடியுரிமை வந்தது. பிரஜையாகியும் நிலமற்றவனாய் நிற்பவன் அரைப் பிரஜையன்றி வேறென்ன?

பாதையைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு 2018இல் திருத்தப்படும்வரை குறுக்கே நின்றது. பங்களா பெரும்பாலும் காட்சி தெரியும் மேட்டில், தேர்ந்த நிலத்தில் இருக்கும். லயமோ மிஞ்சிய சரிவில். அந்தச் சரிவு செய்வதென்ன என்பதை 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் கண்டோம். காலைப்பொழுதில் லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் போகவில்லையே என்று குறை கூறியவர்கள், போவதற்கு அவர்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் இருந்ததா என்று கேட்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து உயிர்கள் போயின.

சுற்றுலாவே வேண்டாமென்பது நம் வாதமன்று. நம் பிள்ளைகள் விடுதிகளில் வேலை பெறுகின்றனர், வரவேற்கிறோம். காணியைத் துண்டாடினால் தோட்டம் அழியும் என்று கம்பெனித் தரப்பார் கூறுவர். பங்களாவையும் அதன் தோப்பையும் பிரித்துக் கொடுத்தபோது அழியாத தோட்டம், லயத்தடியில் ஏழு பேர்ச் பிரித்தால் மட்டும் அழிந்துவிடுமோ? உறுதி பெற்றவன் வேலைக்கு வரமாட்டான் என்பர் சிலர். வீட்டைப் பிணையாக வைத்தாலன்றி ஆள் கிடைக்காதெனில், கூலியில்தான் கோளாறு இருக்கிறது.

நாம் வேண்டுவது இதுவே: ஒரு தோட்டத்துப் பங்களாவையோ மலையையோ சுற்றுலாவுக்கு விட அரசு அனுமதி வழங்குமுன், அத்தோட்டத்து லயக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும், அவர்கள் பெயரில் உறுதியும் வழங்கப்படல் வேண்டும். குடும்பத் தலைவனுக்கு மட்டுமன்று, கொழுந்து பறிக்கும் மனைவிக்கும் கூட்டாக. அனுமதிப் பத்திரத்திலேயே அதை நிபந்தனையாக எழுதுவதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. காணியின் சொந்தக்காரர் அரசேயாதலால், அரசின் ஒரு கையெழுத்துப் போதும்.

இதற்கு ஆதாரம் திரட்ட வேண்டும். நீண்டகாலக் குத்தகைகளும் உபகுத்தகைகளும் பதியப்படும் காணிப் பதிவகம் பதுளையிலேயே இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் எவரும் ஏட்டைப் பார்க்கலாம். மாவட்டத்திலுள்ள சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கி, எந்தத் தோட்டத்துப் பங்களா, எவரிடம், எத்தனை ஆண்டுக்கு என்பதைக் குறித்துத் தருவார்களாக. தோட்டக் கமிட்டித் தலைவர்கள் லயத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ்களையும் பழைய செக்ரோல் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பசறை, லுணுகலைப் பகுதிகளிலிருந்தே தொடங்கலாம்.