கையொப்பமில்லாக் கணக்கு



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். எனக்கும் அந்த ஆட்டத்திற்கும் நெடுங்காலம் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் துரைமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் பை சுமந்து, அந்த வருமானத்தில் பள்ளிக் காலணி வாங்கிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகக் கோப்பைப் போட்டியில் மலேசியாவின் சார்பில் ஆடிய எம். ராமையா, பி. குணசேகரன் ஆகியோரின் பெயர்களைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால், பள்ளி நிதிக்காகக் கோல்ஃப் போட்டி நடத்துவது இப்பொழுது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. நன்கொடையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே நாமும் அங்கே போய் நிற்கிறோம்.

சென்ற ஆண்டு அத்தகைய போட்டி ஒன்றில் நான் கணினி மேசையில் அமர்ந்திருந்தேன். அன்று நடந்ததை இதுவரை எழுதவில்லை. இவ்வாண்டுப் போட்டிக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில், "இனி ஸ்கோர் அட்டையே வேண்டாம், எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என அறிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அத்தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். அந்த மென்பொருளைச் சென்ற ஆண்டு பரிந்துரைத்தவனே நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோல்ஃப் அறியாத பெற்றோர்களுக்காகச் சிறு விளக்கம். 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகளில் பந்தைப் போட வேண்டும் என ஓர் அளவு உண்டு. அதனைப் 'பார்' என்பர். பெரும்பாலான மைதானங்களில் மொத்தப் பார் 72. பாரைவிட ஓர் அடி குறைந்தால் 'பர்டி', ஓர் அடி கூடினால் 'போகி' (நம் பொங்கலுக்கு முந்திய நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை!), இரண்டு கூடினால் 'டபுள் போகி'. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார். நால்வர் சேர்ந்து ஆடும் குழுவை 'ஃபிளைட்' என்பார்கள்.

அன்று எங்களிடம் 28 ஃபிளைட், அதாவது 112 ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் 18 எண்கள் என்றால், மொத்தம் 2,016 எண்கள். ஃபிளைட்டுக்கு ஒரு கைப்பேசி. அதனைக் கையாளத் தொண்டர்களாக இடைநிலைப்பள்ளி மாணவர்கள். பெரும்பாலோர் நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள். ஒரு குழி முடிந்ததும் நால்வரின் எண்களையும் தட்டிவிட்டால், விருந்து மண்டபத்தில் இருக்கும் பெருந்திரையில் பெயர்கள் மேலும் கீழும் நகரும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நன்கொடையாளர்கள் மகிழ்ந்தார்கள். நானும் பெருமிதத்தில் இருந்தேன்.

முறையான ஹேண்டிகேப் இல்லாதவர்களும் ஆட வேண்டும் என்பதற்காக இத்தகைய போட்டிகளில் 'சிஸ்டம் 36' என்னும் கணக்கு முறையைக் கையாள்வார்கள். பார் அல்லது அதற்கும் குறைவான அடியில் முடித்த குழிக்கு 2 புள்ளி, போகிக்கு 1, அதற்கு மேல் போனால் சுழியம். மொத்தப் புள்ளியை 36-இலிருந்து கழித்தால் அன்றைய ஹேண்டிகேப். அதனை மொத்த அடியிலிருந்து கழித்தால் நிகர எண்.

கணக்காசிரியர்கள் தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். போகி அடித்தால் ஓர் அடி கூடுகிறது, ஹேண்டிகேப்பும் ஒன்று கூடுகிறது, நிகரம் மாறவில்லை. டபுள் போகிக்கும் அப்படியே, இரண்டுக்கு இரண்டு. ஆக, பார் 72 உள்ள மைதானத்தில் நிகர எண்ணை மாற்றுபவை இரண்டே. பர்டிகள் அதனைக் குறைக்கும். டபுள் போகியையும் தாண்டிச் சரிந்த அடிகள் அதனைக் கூட்டும். தொண்டர் ஒருவர் 6-க்குப் பதிலாக 5 எனத் தட்டினால், நான்கடிக் குழியில் அந்தப் பிழையால் நிகரம் மாறவே மாறாது. அதே குழியில் 7-க்குப் பதிலாக 6 எனத் தட்டினால் பரிசே கைமாறும். இரண்டும் ஒரே அளவுப் பிழைதான். மென்பொருளின் பார்வையில் 6 என்பதும் இயல்பான எண், 7 என்பதும் இயல்பான எண். எதைப் பார்த்து அது ஐயுறும்?

அதுதான் அன்று நடந்தது.

என் பழைய மாணவர் ஒருவர் அன்று ஆடினார். பால்மரம் சீவியவரின் மகன். இப்பொழுது சொந்தமாகச் சிறு தொழில் நடத்துகிறார். கட்டணம் செலுத்தித் தன் பள்ளிக்காக ஆட வந்தவர். இரண்டு பர்டி, ஒன்பது பார், நான்கு போகி, இரண்டு டபுள் போகி, 12-ஆம் குழியில் மட்டும் 7 அடி. மொத்தம் 81, புள்ளி 26, ஹேண்டிகேப் 10, நிகரம் 71. திரையிலோ 12-ஆம் குழிக்கு 6 என்றிருந்தது. ஆகவே மொத்தம் 80, நிகரம் 70. அவர் பெயர் தனித்து முதலிடத்தில் ஒளிர்ந்தது. விருந்து தொடங்குமுன்பே அதனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். வாழ்த்துகள் குவிந்தன.

அவர் நேராக என் மேசைக்கு வந்தார். "ஐயா, பன்னிரண்டுல எனக்கு ஏழு. இங்க ஆறுன்னு இருக்கு" என்று சொல்லி, தம் சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்து வைத்தார். அட்டை தேவையில்லை என்று நாங்கள் அறிவித்திருந்தும், பழக்கத்தினால் உடன் ஆடியவரிடம் கொடுத்து எழுதச் செய்து, இருவரும் கையெழுத்தும் இட்டிருந்தார்கள்.

திருத்தினேன். 71-இல் மேலும் மூவர் இருந்தனர். கடைசி ஒன்பது குழிகளின் கணக்கைப் பார்க்கும் கவுன்ட்பேக் முறையில் அவர் நான்காம் இடத்திற்குப் போனார்.

இதற்காக அந்த இளைஞரை மேடையேற்றிப் பாராட்டியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. "யாரோ பார்த்துவிட்டார்கள் போலும், அதனால்தான் திருத்த வந்திருக்கிறான்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அதைவிடக் கொடுமை, ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அந்த ஃபிளைட்டின் கைப்பேசியை வைத்திருந்த படிவம் 2 மாணவியை அழைத்து, பலர் முன்னிலையில், "உன்னால்தான் இந்தக் குழப்பம்" என்று கடிந்துகொண்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. மூன்று குழிகளுக்கான எண்களை, பன்னிரண்டு எண்களை, அந்தப் பிள்ளை நினைவில் வைத்திருந்து பின்னர் தட்டியிருக்கிறது. பன்னிரண்டில் பதினொன்று சரி. நான் வகுப்பில் அந்த மதிப்பெண்ணுக்கு 'மிக நன்று' என்று எழுதுவேன்.

அந்தப் பிள்ளை அழுதது. நான் வாய் திறக்கவில்லை. மென்பொருளைக் கொண்டுவந்தவன் நான். சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் செய்யாதவனும் நான். பழி என்மீது விழாமல் ஒரு சிறுமியின்மீது விழுந்ததைப் பார்த்துக்கொண்டு கோழிக்குருமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்பொழுது தீர்மானக்காரர்களின் வாதத்திற்கு வருகிறேன். அட்டை பழையது, கணினி பிழை செய்யாது, உலகப் போட்டிகளில் எல்லாம் கணினிதான் என்கிறார்கள்.

உலகப் போட்டிகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து 'ஷாட்லிங்க்' என்னும் அமைப்பைப் பயன்படுத்தி ஒவ்வோர் அடியையும் பதிவு செய்து வருகிறது. லேசர் கருவிகளோடு தொண்டர்கள், பின்னர் கேமராக்கள், ராடார் என்று அது வளர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு போட்டியில், 2024 பிப்ரவரியில், ஜோர்டன் ஸ்பீத் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் நான்காம் குழியில் 4 அடி அடித்தார். உலகமே பார்த்தது. அவர் கையொப்பமிட்ட அட்டையில் 3 என்றிருந்தது. தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பொறுப்பு தம்முடையதே என்று ஏற்றுக்கொண்டார். இவ்வளவு பெரிய கணினி ஏற்பாட்டை வைத்திருப்பவர்களே ஆட்டக்காரரின் கையொப்பத்தைத்தான் இறுதிச் சொல்லாகக் கொள்கிறார்கள். நாம் மட்டும் ஏன் அதனைத் தூக்கியெறிய வேண்டும்?

"அது கொடுமையல்லவா? கணினி சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1968-இல் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஏப்ரல் 14, அவருடைய 45-ஆம் பிறந்தநாள். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள். 17-ஆம் குழியில் அவர் 3 அடித்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்டார்கள். உடன் ஆடியவர் அட்டையில் 4 என எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையொப்பமிட்டார். 65 என்பது 66 ஆயிற்று. பாப் கோல்பி ஓர் அடியில் வென்றார். 1957 அமெரிக்க மகளிர் ஓப்பனில் ஜாக்கி பங் என்பவரின் மொத்தம் 298 சரியாகவே இருந்தது. ஒரு குழிக்கு 6-க்குப் பதில் 5 என்று அட்டையில் இருந்ததால் அவர் முதற்பரிசை இழந்தார்.

இம்மூவருக்கும் ஒரு நல்ல மென்பொருள் உதவியிருக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. அட்டையும் திரையும் முரண்படும் இடத்தைக் காட்டி, "இந்தக் குழியை மீண்டும் பாருங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். அதற்குத்தான் மென்பொருள் வேண்டும். இரண்டு கணக்குகள் இருந்தால்தானே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடலாம்? அட்டையை ஒழித்துவிட்டால் எதனோடு ஒப்பிடுவீர்கள்?

தாளா, கைப்பேசியா என்பதும் என் சண்டை அன்று. 2019-இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள் மின்னணு அட்டையையும் ஏற்கின்றன. ஆனால், அந்த மின்னணு அட்டையையும் ஆட்டக்காரரும் அடி குறித்தவரும் தாமே சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் உரிய எண்ணுக்கு ஆட்டக்காரர் பொறுப்பு. கூட்டல் கழித்தலுக்குப் போட்டிக் குழு பொறுப்பு. எவ்வளவு தெளிவான பாகுபாடு! மென்பொருள் செய்வது குழுவின் பங்கான கூட்டல் கழித்தலை. அதனை அது நம்மைவிட நன்றாகவே செய்யும். சாட்சி சொல்லும் வேலையை அதனிடமோ, அதனைத் தட்டும் பதினான்கு வயதுப் பிள்ளையிடமோ கொடுக்கக் கூடாது.

எங்கள் தங்காக் துணிக்கடைகளுக்குப் பெயர்போனது. கடைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், வாங்குபவர் கண்முன் முழம் அளந்து காட்டி, "சரிதானே?" என்று கேட்ட பிறகுதான் கத்தரி வைப்பார். நாமோ வெட்டி, பொட்டலம் கட்டி, படமும் எடுத்துப் பரப்பிய பிறகு அளக்கிறோம்.

இன்னொன்றையும் கேள்விப்படுகிறேன். கோல்ஃப் போட்டியில் 'வெற்றி பெற்ற' இந்த முறையைப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் கொண்டுவந்து, இல்லங்களின் புள்ளிகளைப் பெற்றோர் கைப்பேசியில் உடனுக்குடன் காணச் செய்யலாம் என்று ஒரு பேச்சு. செய்யுங்கள். ஆனால், நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த எட்டு வயதுப் பிள்ளையின் பெயர் முதலிடத்தில் ஒளிர்ந்து, பாட்டி வரைக்கும் செய்தி போய், பத்து நிமிடத்தில் கீழிறங்கினால், அந்தப் பிள்ளைக்கு யார் விளக்கம் சொல்வது?

ஆகவே, வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் கோரிக்கைகளை இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அட்டை இருக்க வேண்டும்; இருவர் கையொப்பத்தோடு அது மேசைக்கு வர வேண்டும். அட்டை வந்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, திரையில் பெயருக்கு மேல் 'உறுதி செய்யப்படாதது' என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஃபிளைட்டில் ஆடும் பெரியவர் ஒருவரே கைப்பேசிக்குப் பொறுப்பேற்க வேண்டும். மாணவர்கள் உதவட்டும், பழியைச் சுமக்க வேண்டாம். ஒப்பிடும் மேசையில் நானே அமர்கிறேன். 112 அட்டைகளை நால்வர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 28. விருந்து சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. நன்கொடையாளர்கள் கோபிப்பார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். கோல்ஃப் ஆடுபவர்கள் கையொப்பத்திற்காகக் காத்திருப்பதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை.

அந்த மாணவியின் வீட்டிற்குச் சென்ற மாதம் போயிருந்தேன். பல மாதங்கள் கழித்துக் கேட்கும் மன்னிப்புக்கு என்ன மதிப்போ தெரியவில்லை, கேட்டேன். இவ்வாண்டு உதவிக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "அட்டை இருந்தா வர்றேன் ஐயா" என்றாள். அவளுடைய தாயார் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் மட்டும் கொடுத்தார்.

மாற்றுக் கருத்துடைய ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் தாராளமாக எழுதலாம். கூட்டத்திற்கு நேரில் வந்து பேசினால் இன்னும் நன்று. காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது.