தொகுப்பான் பிழையாதோ?

செய்நிரல் பிழைத்தால் எழுதியவனே பிழைத்தான், தொகுப்பான் பிழையாது என்னும் கொள்கை கணினி கற்பாரிடையும் கற்பிப்பாரிடையும் வேதவாக்காக நிலவுகின்றது. யாழ்ப்பாணமும் இதற்கு விலக்கன்று. பெரும்பாலும் உண்மையாயிருப்பதே இக்கொள்கையின் ஆபத்து.

அணி என்பது வகுப்பு இடாப்பிலே தொடரெண் இட்ட பெயர்களைப் போன்று நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்த தரவு வரிசை. நூறு பெயருள்ள இடாப்பில் நூற்றோராம் பெயரைக் கேட்பது மாணவன் பிழை, அதனை மறுப்பாரிலர். ஆனால் வரிசையை முறையாகப் படிக்குமாறு அவன் எழுதிய கட்டளையை, விரைவு கருதித் தொகுப்பான் தானே மாற்றியமைத்துப் பொருளைக் கெடுக்குமாயின் அது யார் பிழை?

இது வீண் ஐயமன்று. 2011 யூலை 28இல் ஜாவா 7 வெளிவந்தது. ஓடும்போதே மொழிபெயர்க்கும் அதன் தொகுப்பான், மீண்டும் மீண்டும் இயங்கும் கட்டளைகள் சிலவற்றைத் தவறாகச் சுருக்கிற்று. லூசீன் என்னும் தேடற்கருவியில், எழுத்துகளை அணியாகக் கொண்டு ஆங்கிலச் சொல்லின் விகுதி களைந்து பகுதி காணும் கூறு நிலைகுலைந்து நின்றது. அதைவிடக் கொடியது, சொல்லடைவுகள் ஓசையின்றிப் பழுதுற்றமை. நின்றுபோன கருவி தன் குற்றத்தைத் தானே சொல்லும். பொய்விடை தரும் கருவியோ சொல்லாது. வெளியீட்டுக்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே வழு கண்டறியப்பட்டும் வெளியீடு தள்ளிப்போகவில்லை.

அதே ஆண்டு ஊட்டா பல்கலைக்கழக ஆய்வாளர், எழுமாறாக ஆக்கிய செய்நிரல்களைப் பல தொகுப்பான்களில் இட்டு விடைகளை ஒப்பிட்டதில், 325க்கு மேற்பட்ட புதிய வழுக்கள் வெளிப்பட்டமையை எழுதினர். சோதித்த தொகுப்பான்களுள் பிழையாதது ஒன்றேனும் இல்லை.

ஒப்பிட்டு நோக்கும் இம்முறை யாழ்ப்பாணத்துக்குப் புதிதோ? சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டையே நம்பி இருந்தாரல்லர்; பல ஏடு தேடிப் பாடம் ஒப்புநோக்கினார். ஏட்டை ஐயுற்றவர் வழிவந்தோர் இயந்திரத்தின்முன் கைகட்டி நிற்றல் விந்தையே.

இவ்வாறு கற்பித்தால் மாணவர் தம் சோம்பலுக்குத் தொகுப்பான்மேற் பழி சுமத்துவர் என்பாருமுளர். பழி வேறு, சான்று வேறு. இரு தொகுப்பான்கள் இரு விடை தரின் குற்றவாளி யாரென்பது அதனால் மட்டும் துணியப்படாது. எல்லை கடந்த சுட்டெண்ணும் விடையை அவ்வாறே மாற்றும். விசாரணை அங்கேதான் தொடங்குகின்றது. ஜீசிசி, கிளாங் என்பன விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் மூலநிரலும் திறந்தே கிடக்கின்றது. ஒன்றை விட்டு மற்றொன்றிலும், விரைவாக்கத்தை நிறுத்தியும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சில நிமிடம் போதும். அதனையும் செய்யாது மாணவனின் புள்ளியைக் குறைக்கும் ஆசிரியர், எந்தச் சான்றைக்கொண்டு குறைத்தார் என்பதை அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.