முகையதீன் கப்பல் மணி

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் பெருவழியில் கப்பலூர் உள்ளது. கடலோ அங்கிருந்து நெடுந்தொலைவு. ஊர்ப்பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு, ஆங்கொரு பாண்டியர் துறைமுகம் இருந்ததென எவரேனும் எழுதின் நாம் நகைப்போம். ஆயின், நியூசிலாந்தை முதற்கண் கண்டோர் சோழரே என நம் மேடைகளில் முழங்குங்கால் நகைப்பதில்லை, கைதட்டுகின்றோம். அம்முழக்கத்திற்குக் காட்டப்பெறும் சான்று ஒரே ஒரு வெண்கல மணி.

1836-இல் கிறித்தவத் தொண்டர் வில்லியம் கொலன்சோ, நியூசிலாந்தின் வடபகுதியில், மாவோரிப் பெண்டிர் அம்மணியைக் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தக் கண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததென அவர்கள் கூறினர். விளிம்பு சிதைந்த அம்மணியின்மேல் தமிழெழுத்துகள் இருந்தன. முகையதீன் பக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்பதே அவை தரும் பொருள். வெலிங்டனிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகம் இன்று அதனைப் பேணி வருகின்றது.

காலம் யாது? எழுத்து வடிவங்கள் சில இன்று வழக்கொழிந்தவை. அவற்றைக் கொண்டு 500 ஆண்டுப் பழமை கூறுவாரும் உளர். அதனினும் பிற்பட்டதென்பாரும் உளர். ஆயின் பெயரே ஓர் எல்லை கட்டுகின்றது. முகையதீன் என்பது 1166-இல் மறைந்த பாகுதாது நகர்ப் பெரியார் அப்துல் காதிர் சீலானியின் சிறப்புப் பெயர். அவர்பால் அன்பு பூண்டோர் தம் மக்கட்கு அப்பெயரை இட்டனர். எனவே கடைக்கழகக் காலத்தை இம்மணியின்மேல் ஏற்றுதல் இயலாது. கடாரம் கொண்டானின் காலத்தையும் ஏற்றுதல் இயலாது. மணி கிடைத்த இடத்திற்கு அதன் கப்பலே சென்றதென்பதற்கும் உறுதியில்லை. கப்பல் அழிந்த பின்னும் மணி கைமாறிக் கைமாறிச் செல்லும்.

இங்ஙனம் கூறின் தமிழ்ப்பெருமை குன்றுமென அஞ்சுவார் சிலர். சோழர் பெயரை ஒட்டுவதற்காக அம்மணிக்கு உரியவரின் பெயரை விழுங்குவதே பெருங்குற்றம். அவர் இசுலாமியர், கப்பலுடையார். அரபெழுத்து அவர் மறைக்கு உரியது. எனினும் தம் உடைமையைத் தமிழெழுத்தால் பொறித்தார். கப்பல், உடைய, மணி: பெயர் நீங்கலாக அப்பொறிப்பில் உள்ள சொற்கள் அனைத்தும் தனித்தமிழ். கரைவிட்டு நீங்காத நம் வணிகர்தம் பெயர்ப்பலகைகளில் அத்துணைத் தமிழ் உண்டா?

அம்மணியின் எழுத்துப்படி தமிழ்ப்பள்ளிதோறும் தொங்குக. அதன்கீழ் முகையதீன் பக்குசு என்னும் தமிழரின் பெயரும் மறைக்கப்படாமல் எழுதப்படுக.