தேடிவிட்டுச் சேர்த்தால் பாதுகாப்பாம்!

பயனர் விவரங்களை வைத்திருக்கும் எல்டாப் டைரக்டரியில் புதுப் பயனரைச் சேர்க்க ஒரு நிரல் எழுதச் சொன்னால் பலரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். முதலில் அந்தப் பெயரைத் தேடு, ஒன்றும் வராவிட்டால் சேர். “இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படிச் சேர்ப்பது?” என்று நம்மையே மடக்குவார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தேடல் எதையும் காப்பாற்றுவதில்லை.

எல்டாப் நெறிமுறையை வரையறுக்கும், 2006இல் வந்த ஆர்எஃப்சி 4511 ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேர்க்கும் பதிவு ஏற்கெனவே இருக்கக் கூடாது; அதன் நேர் மேல்பதிவு இருந்தே ஆக வேண்டும். முதல் விதி மீறப்பட்டால் பிழை எண் 68, இரண்டாவது மீறப்பட்டால் 32. நீங்கள் தேடினாலும் தேடாவிட்டாலும் சர்வர் இந்தச் சோதனையைச் செய்தே தீரும். உங்கள் தேடலுக்கும் சேர்ப்புக்கும் நடுவே இன்னொரு நிரல் அதே பெயரில் பதிவைப் போட்டுவிடலாம். ரயிலில் இடம் இருப்பதாகத் திரையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“சில மில்லிவிநாடிக்குள் என்ன ஆகிவிடும்?” என்பார்கள். அந்த இடைவெளியை விடுங்கள், தேடலே பொய் சொல்லும். உங்கள் கணக்குக்கு ஒரு பதிவைப் பார்க்கும் உரிமை இல்லையென்றால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். பதிவு அங்கேயேதான் இருக்கும். தேடல் ஒரு நகல் சர்வருக்கும் சேர்ப்பு மூல சர்வருக்கும் போனால், நகல் காட்டுவது பழைய நிலவரம். அதன் பிறகு 68 வரும்போது, அது வரவே வராது என்று நம்பிய நிரலில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. உண்மையான சேதம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கவனமாகத் தேடுகிறவர்களே சர்வர் சொல்லும் விடையைக் கேட்காமல் போகிறார்கள். சி மொழியில் எல்டாப்_ஆட்_எக்ஸ்ட் ‘வெற்றி’ என்று திருப்பினால், கோரிக்கை அனுப்பப்பட்டது என்றுதான் பொருள். தீர்ப்பை எல்டாப்_ரிசல்ட் மூலம் கேட்டு வாங்க வேண்டும். காத்திருந்து விடை கொடுப்பது எல்டாப்_ஆட்_எக்ஸ்ட்_எஸ்.

எதிர்த்தரப்பிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. டைரக்டரி, கிளையும் சேர்ந்த முழுப்பெயரின் தனித்தன்மையைத்தான் காக்கும். மாணவர் கிளையில் ஒரு குமார், ஊழியர் கிளையில் அதே பயனர்பெயரோடு இன்னொரு குமார் என்றால் 68 வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் வெளியிலிருந்து தேடுவது அதே ஓட்டைதான். ஓப்பன்எல்டாப் சர்வரில் இதற்கென்றே ‘யுனிக்’ என்ற மேலடுக்கு இருக்கிறது; சோதனை சர்வருக்குள்ளேயே நடக்கட்டும்.

இதைவிட மோசமானது, புதுப் பயனருக்கு எண் கொடுக்க, இருப்பதிலேயே பெரிய பயனர் எண்ணைத் தேடி ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம். அடுத்த எண்ணுக்கென்று தனிப் பதிவு வையுங்கள். ஒரே மாற்றக் கோரிக்கையில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைச் சேருங்கள். வேறொருவர் முந்தியிருந்தால் நீக்க வேண்டிய மதிப்பே இருக்காது. பிழை 16 வரும், மறுபடி படித்து முயலலாம். ஆர்எஃப்சி 4525 இதற்கென்றே ஒரு கூட்டல் வசதியையும் தருகிறது, சர்வர் அதை ஆதரித்தால்.

பல மூல சர்வர்கள் உள்ள இடத்தில் 68-ஐயும் முழுக்க நம்ப முடியாது என்பது உண்மை. இரண்டு சர்வர்கள் ஒரே பெயரைத் தனித்தனியே ஏற்றுக்கொண்டால், ஆக்டிவ் டைரக்டரி பிறகு அவற்றில் ஒன்றின் பெயரில் ‘சிஎன்எஃப்’ என்று ஒட்டி ஒதுக்கிவைக்கும். அங்கே உங்கள் தேடலும் சேர்ந்தே தோற்றிருக்கும். சேர்ப்புகளை எல்லாம் ஒரே சர்வருக்கு அனுப்புவதுதான் வழி.

படிவத்தில் “இந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது” என்று முன்கூட்டியே காட்டத் தேடுகிறீர்களா? தாராளமாகத் தேடுங்கள், அது மரியாதை. நிரலுக்குத் தேடல் தேவைப்படுவது 68 வந்த பிறகு. முந்தைய முயற்சி வெற்றி பெற்று, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்தப் பதிவைப் படித்து, நாம் போட்டதுதானா, வேறு யாருடையதா என்று பாருங்கள். நம்முடையது என்றால் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இல்லையென்றால் வேறு பெயர் கேளுங்கள்.