அப்பாவின் பாஸ்புக்

போன டிசம்பர் லீவுக்கு என் அக்கா மகனும் அவனுடைய மூன்று சிநேகிதர்களும் ஐரோப்பா கிளம்பினார்கள். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஆளுக்கொரு முதுகுப்பை, ஹாஸ்டலில் அடுக்குக் கட்டில், ராத்திரி பஸ்ஸில் தூக்கம். ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று இரண்டு வாரம் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். ட்யூஷன் எடுத்தும் பார்ட் டைம் வேலை பார்த்தும் இரண்டு வருஷமாகக் காசு சேர்த்திருந்தார்கள்.

மூன்று பேருக்கு விசா வந்தது. நாலாமவனுக்கு வரவில்லை.

ஒரே வகுப்பு, ஒரே ரூட், ஒரே ஹாஸ்டல் புக்கிங். நிராகரிப்புத் தாளில், குறித்த காலத்துக்குள் இவன் திரும்பிப் போவான் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்ற வரிக்கு நேராக ஒரு டிக். அதற்கு மேல் விளக்கம் இல்லை. நாலு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான் கண்ணில் பட்டது. மற்ற மூன்று அப்பாக்களுக்கும் மாதச் சம்பளம். இவனுடைய அப்பாவுக்குக் காய்கறிக் கடை. காலையில் வருகிற காசு சாயந்திரம் சரக்குக்குப் போய்விடும். பாங்கில் எங்கே தங்கும்?

‘‘போறதுக்கே விடல. திரும்பி வரமாட்டேன்னு எப்படி அங்கிள் சொல்றாங்க?’’ என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

முதுகுப்பைப் பயணம் என்றாலே அதிகம் காசில்லாமல், அதிகம் திட்டமில்லாமல் போவதுதான். 1972-ல் டோனி வீலரும் அவர் மனைவி மௌரீனும் லண்டனிலிருந்து தரை வழியாக ஈரான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அப்போது அவர்களிடம் மிச்சம் இருந்தது 27 சென்ட். அந்த அனுபவத்தை 1973-ல் ‘அக்ராஸ் ஏஷியா ஆன் தி சீப்’ என்று புத்தகம் போட்டார்கள். ‘லோன்லி ப்ளானெட்’ அப்படித்தான் பிறந்தது. அவர்களுக்குக் காலிப் பாக்கெட் ஒரு சாகசம். நம் பையனுக்கு அதே காலிப் பாக்கெட் ஒரு குற்றச்சாட்டு.

ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தால் அது திரும்ப வராது. 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ், தங்குமிடத்துக்கு அத்தாட்சி, பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். 2024-ல் மட்டும் இந்தியாவிலிருந்து போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. நடக்காத பயணங்களுக்கு நாம் கட்டிய பணம் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மேல்முறையீடு செய்யலாம்தான். அது முடிவதற்குள் லீவு முடிந்துவிடும்.

‘போனவன் சில பேர் திரும்பி வராமல் அங்கேயே தங்கிடறானே?’ என்பீர்கள். தங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு அந்தப் பையனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டதோடு சரி, யாரும் அவனிடம் பேசவே இல்லை. அவனுடைய அப்பாவின் பாஸ்புக்தான் பேசியது. விசா மறுத்தால் கட்டணத்தில் பாதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று நம் அரசாங்கம் உரக்கக் கேட்டால் என்ன? வர்த்தகப் பேச்சு நடக்கிற மேஜையில் இதற்கு ஓர் ஓரமாவது கிடைக்காதா?

எனக்கு நிஜமான கோபம் ஐரோப்பா மேல் இல்லை. என் அக்கா மகன் மேல்தான். மூன்று பேரும் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று ப்ராக்கிலிருந்து பாலத்தில் நின்று எடுத்த போட்டோ வந்தது. நாலாமவன் கடையில் தக்காளி எடை போட்டுக்கொண்டே அதற்கு ஒரு லைக் போட்டான்.

நாலு பேருக்கும் கதவு திறக்கிற ஊரே இல்லையா? நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. பாலம் அங்கேயும் இருக்கிறது.

அடுத்த டிசம்பருக்கு பிளான் போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், உங்கள் கூட்டத்தில் யாருடைய அப்பாவின் பாஸ்புக் மெலிசு என்று பாருங்கள். அவன் வர முடிகிற ஊருக்கு டிக்கெட் போடுங்கள். எந்தத் தூதரகமோ உங்கள் சிநேகிதனை வேண்டாம் என்று சொல்லட்டும். நீங்களும் சேர்ந்து சொல்லாதீர்கள்.