ஸ்பீக்கரில் எழும் ரீங்காரம்

வேலைகளெல்லாம் முடிந்து, குடும்பத்துடன் பாட்டுக் கேட்க அமர்கிறோம். பாட்டுக்கு முன்னே 'ம்ம்' என்ற ரீங்காரம் ஸ்பீக்கரிலிருந்து எழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்திலும் இத்தொல்லை இருந்தது. "வீட்டுக்கு வரும் மின்சாரம் சரியில்லை, பவர் கண்டிஷனர் வாங்கி வையுங்கள்" என்றார் கடைக்காரர். வாங்கி வைத்தோம். பணம் போயிற்று, ரீங்காரம் போகவில்லை.

காரணத்தைச் சற்று ஆராய்வோம். நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. நொடிக்கு 50 சுற்று அலைவது. ஆம்ப்ளிஃபயர் இதனை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதனுள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அழுத்தத்தைக் குறைக்கிறது. டயோடுகள் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. பெரிய கெப்பாசிட்டர்கள் ஏற்றத்தாழ்வை நிரவிவிடுகின்றன. மின்சாரத்தைச் சீர்செய்யும் வேலை கருவிக்குள்ளேயே நடைபெறுவதால், வெளியே வைக்கும் பெட்டியினால் காதுக்குப் புலனாகும் மாற்றம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

அப்பெட்டிக்குப் பயனே இல்லை என்பதன்று. மின்விசிறி ரெகுலேட்டர் முதலியன மின்கம்பி வழியே அனுப்பும் 'கிர்' என்ற இரைச்சலை அதிலுள்ள வடிகட்டி ஓரளவு தடுக்கும். திடீரென உயரும் மின்னழுத்தத்திலிருந்து கருவியைக் காக்கும் உறுப்பும் பலவற்றில் உண்டு. ஸ்டெபிலைசரோ அழுத்தத்தைச் சீராக்குவது; இரைச்சலை நீக்குவது அதன் வேலையன்று.

எங்கள் வீட்டு ரீங்காரத்தின் வேரைக் கண்டவர் மின்பணியாளர் ஒருவர். தொலைக்காட்சியில் செருகியிருந்த கேபிள் ஒயரை அவர் கழற்றினார். மறுகணமே ஓசை நின்றது! ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த் ஒன்று. கேபிள் ஒயரின் உறைக்கு வேறோர் இடத்தில் எர்த். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லாமையால், இரு கருவிகளையும் இணைக்கும் ஒயர் வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து, ரீங்காரமாய் ஒலித்திருக்கிறது. கேபிள் வழியில் பொருத்தும் சிறிய ஐசோலேட்டர் ஒன்று அதை அடியோடு தீர்த்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பிளக்கின் பெரிய முனையை எடுத்துவிடுங்கள், ஓசை நின்றுவிடும்" என்று அண்டை வீட்டு நண்பர் முன்னரே யோசனை கூறியிருந்தார். உண்மையில் நின்றுவிடும், ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அம்முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது அழகுக்காக அன்று. எர்த் இணைப்பு முதலில் சேர்ந்து, கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. அது இல்லாத கருவியில் என்றேனும் உட்கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். முதலில் தொடுவது விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே, ரீங்காரம் கேட்டால் இணைப்பு ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனால் ஓசை நிற்கிறது என்று பாருங்கள். எதைக் கழற்றியும் நிற்காவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கலாம், பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். வீட்டு எர்த் செம்மையாக உள்ளதா என்பதைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். இவற்றுக்கெல்லாம் பிறகே கடைக்குப் போவதைப் பற்றி எண்ணலாம். பாட்டில் சிறிது ஓசை கலந்தாலும் பாதகமில்லை. எர்த் இல்லாத கருவி மட்டும் நம் இல்லத்தில் வேண்டாம்.