வண்டி மையும் டிராக்டர் கிரீஸும்

மாட்டு வண்டிக்கு மை போடுவது அந்நாளில் பெரிய வித்தையன்று. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினால் வண்டி சந்தைக்குப் போய்த் திரும்பும். டிராக்டர் விஷயம் அப்படியல்ல என்பதை நம் பழைய மாணவர் ஒருவர் நஷ்டப்பட்டே அறிந்தார். வாய்க்காலில் ஜலம் ஓடும் நடவு சமயத்தில், அவருடைய டிராக்டர் முன்சக்கர பேரிங் தேய்ந்து வயலிலேயே நின்றுவிட்டது. "கிரீஸ் போடாமலா இருந்தேன், ஸார்?" என்றார். போட்டார்தாம்; பழையதன் மேலேயே வேறு ஜாதிக் கிரீஸைப் போட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்து இளகி வழிந்து போயிருந்தன.

கிரீஸ் என்பது என்ன? பஞ்சு நீரைப் பிடித்திருப்பதுபோல், பெரும்பாலும் ஒருவகைச் சோப்பு எண்ணெயைப் பிடித்திருப்பதேயாகும். சாதாரணக் கால்சியம் சோப்பு நீரைத் தாங்கும். அதிக உஷ்ணத்தைத் தாங்காது. லித்தியம் உஷ்ணத்தையும் தாங்கும். ஆனால் களிமண்ணால் கெட்டியாக்கிய கிரீஸுடன் அது ஒத்துப்போகாது. ஆகவே ஜாதி மாற்றுவதானால், பழையதை முற்றும் துடைத்தெடுத்த பின்னரே புதியதை இடவேண்டும்.

கெட்டித்தன்மைக்கு 000 முதல் 6 வரை ஒன்பது எண்கள் உண்டு. டிராக்டரின் பெரும்பாலான இடங்களுக்கு 2 பொருந்தும். எனினும் யந்திரத்தோடு வந்த புஸ்தகத்தின் சொல்லே முடிவானது. நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம், அது சாயமே. கிரீஸ் கன்னை வைக்குமுன் நிப்பிளைத் துடையுங்கள். இன்றேல் சேறும் உள்ளே போகும்.

டப்பாவில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். வாய்க்காலில் ஓடிப்போன ஜலம் திரும்பி வருமா?